எந்த நாள் முதல், எந்த நாள் வரை?

இலக்கிய அன்பர்கள் கூடுமிடத்தில் கணிப்பொறி தரும் அறிக்கைகளைப் பற்றி எழுதப் புகுவதற்கு முதலிலேயே பொறுத்தருள வேண்டுகிறோம். நாம் படித்தது தமிழ், பிழைப்பதும் தமிழால். கணிப்பொறியில் நமக்குள்ள தேர்ச்சி, மதிப்பெண் ஏற்றுவதோடும் மின்னஞ்சல் பார்ப்பதோடும் முடிந்துவிடுவது. ஆயினும் சென்ற பருவத்தின் இறுதியில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி நம்மை அத்துறைக்குள் இழுத்துச் சென்றது. போன இடத்தில் மணிமேகலையைக் கண்டோம் என்றால் நண்பர்கள் நம்பமாட்டார்கள். சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

நாம் பணிபுரிவது தாம்பரத்தை அடுத்த ஒரு கல்லூரியில். பருவத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியல் வரும். ஏட்டில் வருகைக் குறைவுப் பட்டியல் என்று எழுதுவோம்; ஆசிரியரும் மாணவரும் வழங்கும் பெயர் ‘ஷார்ட்டேஜ் லிஸ்ட்’. 75 விழுக்காட்டிற்குக் குறைந்த வருகையுடையோர் பெயர்கள் அதில் இருக்கும். வகுப்புப் பொறுப்பாசிரியர் கையொப்பமிட்டுத் திருப்பியனுப்ப வேண்டும். அவர் வேலை அவ்வளவே. இம்முறை அப்பட்டியலில் நம் வகுப்பு முதலாண்டு மாணவி ஒருத்தியின் பெயர் இருந்தது. வேலை நாள் 90, வந்த நாள் 62, விழுக்காடு 68.9.

அழைத்துக் கேட்டோம். “ஐயா, நான் மொத்தமே பதினாறு நாள்தான் லீவு போட்டிருக்கேன்” என்றாள். 90இல் 62 போனால் 28 ஆயிற்றே என்றோம். சற்று நேரம் பேசாமல் நின்றவள், “நான் கடைசி லிஸ்ட்லதானே ஐயா சேர்ந்தேன்” என்றாள். அப்போதுதான் நமக்கு உறைத்தது. கல்லூரி தொடங்கிப் பன்னிரண்டு வேலை நாள் கழிந்த பிறகே அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. சேராத அந்தப் பன்னிரண்டு நாளும் வராத நாளாக எண்ணப்பட்டுவிட்டன. சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டால் 78இல் 62, அதாவது 79.5 விழுக்காடு. பட்டியலில் இருக்கவே வேண்டாதவள்.

அலுவலகத்துக்குச் சென்றோம். கண்காணிப்பாளர் பல்லாண்டுப் பழக்கமுடையவர்; நல்லவர். “எந்தத் தேதியிலிருந்து சார் கணக்கு?” என்றோம். “அதெல்லாம் அது கேக்காது சார். பட்டனை அழுத்தினா லிஸ்ட் வரும்” என்றார். நம் முகத்தைப் பார்த்து இரங்கி ஒரு வழியும் சொன்னார். குறைவை மன்னிக்கும்படி விண்ணப்பம் எழுதி, கட்டணம் செலுத்தி, மருத்துவச் சான்றிதழ் ஒன்றும் இணைத்துவிட்டால் தீர்ந்தது. எல்லாரும் செய்வதுதான் என்றார். அவள் நோயுறவில்லையே! அந்நாள்களில் அவள் நம் கல்லூரி மாணவியே இல்லையே! கணிப்பொறி கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டது. அதற்காகப் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி இல்லாத காய்ச்சலுக்குச் சான்றிதழ் வாங்கிவர வேண்டும். நமக்கு அன்று இரவு உறக்கம் வரவில்லை.

நம்மிடம் முன்பு பகுதி ஒன்று தமிழ் படித்த மாணவர் ஒருவர், இப்போது தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் வளாகத்து நிறுவனம் ஒன்றில் அறிக்கைகள் வடிவமைக்கும் பணியில் இருக்கிறார். அவரை அழைத்தோம். முதல்வரின் இசைவு பெற்று, ஒரு சனிக்கிழமை வந்து பார்த்தார். அந்தப் பட்டியல் கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் என்னும் மென்பொருளில் எழுதப்பட்டது என்றார். 1990களின் தொடக்கத்தில் கனடாவின் வான்கூவர் நகரத்திலிருந்து புறப்பட்ட சரக்கு அது. பல கை மாறி இன்று எஸ்.ஏ.பி. நிறுவனத்திடம் இருக்கிறது. மைக்ரோசாப்ட்டின் விசுவல் பேசிக்கோடு சேர்ந்தே வந்தமையால், நம் ஊர்ச் சிறு நிறுவனங்கள் பள்ளிக்கும் கடைக்கும் மருந்தகத்துக்கும் எழுதிக் கொடுத்த மென்பொருள்களில் அது எளிதாக இடம்பிடித்தது.

அறிக்கையின் உட்புறத்தைத் திறந்து காட்டினார். எந்தப் பதிவுகளை எடுப்பது என்று கட்டளையிடும் சூத்திரம் ஒன்று அங்கே இருந்தது. அதற்குள் பருவம் தொடங்கிய தேதி அப்படியே எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு பருவத்திற்கும் மென்பொருள் எழுதியவர்கள் வந்து அந்தத் தேதியை மாற்றிவிட்டுப் போவார்களாம். “ஐயா, இங்க தேதியை உள்ளேயே எழுதி வெச்சிருக்காங்க. யாரையும் கேக்கல” என்றார் அவர். கண்காணிப்பாளர் சொன்ன அதே சொல்!

நிற்க. இனி மணிமேகலைக்கு வருவோம். அக்காப்பியத்தின் கடைசிக் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அறமுரைக்கும்போது, ஒரு வினாவிற்கு விடையளிக்கும் முறைகள் நான்கு என்கிறார். துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை என்பன அவை. மூன்றாவதான வினாவின் விடுத்தலுக்கு அங்கே ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. வித்து முந்தியதா பனை முந்தியதா என்று ஒருவன் கேட்டால், எந்த வித்துக்கு எந்தப் பனை என்று திருப்பிக் கேட்பதே அதற்குரிய விடை. கேட்டவன் மடக்கப்பட்டான் என்பதன்று பொருள். அவன் கேள்வி இன்னும் முழுமை பெறவில்லை என்று உணர்த்தி, முழுமை செய்ய அவனையே துணைக்கு அழைப்பது அது.

மென்பொருளார் ‘பாராமீட்டர்’ என்றும் கணித்தமிழார் ‘அளவுரு’ என்றும் வழங்குவது இதனைத்தான் என்பது நம் துணிபு. “வருகை குறைந்தோர் யார்?” என்று நாம் கேட்கிறோம். நல்ல அறிக்கை உடனே பட்டியலை நீட்டுவதில்லை. “எந்த வகுப்பில்? எந்த நாள் முதல், எந்த நாள் வரை?” என்று திருப்பிக் கேட்கிறது. நாம் விடை சொன்ன பின்பே அது விடை சொல்கிறது. கேளாமல் விடையளிக்கும் அறிக்கை துணிந்து சொல்லும் வகையைச் சேர்ந்தது. துணிந்து சொல்வதற்குத் தகுதியுள்ள இடங்கள் உண்டு. பிறந்தவர் இறப்பாரா என்ற கேள்விக்கு எதிர்க்கேள்வி வேண்டுவதில்லை. வருகைக் கணக்கு அத்தகையதன்று. துணிந்து சொன்ன அறிக்கையும் உண்மையில் ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்தே இருந்தது. தேர்ந்ததை நமக்குத் தெரிவிக்கவில்லை, அவ்வளவுதான்.

நம் மாணவர் அன்று அந்த அறிக்கையில் வினாக்களைச் சேர்த்த விதம் பார்க்கச் சுவையாக இருந்தது. முதலில் வினாவிற்கு ஒரு பெயர். பிறகு அதற்கு வரக்கூடிய விடை எழுத்தா, எண்ணா, நாளா என்று வகைப்படுத்தல். பிறகு திரையில் பயனர் காணவிருக்கும் வினா வாக்கியம். வேண்டுமானால் முன்கூட்டியே நிரப்பிவைக்கும் ஒரு விடை. இறுதியில் அந்த வினாவின் பெயரைப் பதிவு தெரியும் சூத்திரத்திற்குள், பழைய தேதி இருந்த இடத்தில் பொருத்துதல். இந்த இறுதிப் படியைப் புதியவர்கள் பலர் மறந்துவிடுவார்களாம். மறந்தால் என்ன ஆகும் என்று செய்தும் காட்டினார். அறிக்கை நம்மிடம் தேதியைக் கேட்டது. நாம் ஜூலை முதல் செப்டம்பர் வரை என்றோம். தலைப்பில் ஜூலை முதல் செப்டம்பர் வரை என்று அழகாக அச்சிட்டது. கீழே உள்ள கணக்கோ முழுப் பருவத்திற்கும் உரியது! தலைப்பை நம்பிக் கையொப்பமிடுபவர் ஏமாந்தார்.

தமிழில் கேட்டல் என்பதற்கு வினவுதல் என்றும் செவிமடுத்தல் என்றும் இரு பொருள் உண்டு. வினவிவிட்டுச் செவிமடுக்காத அறிக்கை, வினவவே செய்யாத அறிக்கையினும் தீயது. மனுநீதி நாள் கூட்டங்களில் மனுவை வாங்கி வைத்துக்கொள்ளும் அதிகாரிகளை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து ஒரு சிறு சொல்லில் பெரிய வழக்கு எழுந்தது. ‘வரை’ என்பதே அச்சொல். 30ஆம் தேதி வரை என்றால் 30ஆம் தேதி சேருமா, சேராதா? இலக்கணம் கற்பிக்கும் நமக்கே வகுப்பில் தடுமாற்றம் தரும் இடம் இது. கணிப்பொறிக்கோ தடுமாற்றமே இல்லை. நேரத்தோடு சேர்த்துப் பதியப்பட்ட தரவில் 30ஆம் தேதி என்று மட்டும் சொன்னால், அது அந்நாள் பிறக்கும் நள்ளிரவையே எல்லையாகக் கொள்கிறது. அன்று காலை ஒன்பதரைக்கு எடுத்த வருகை எல்லைக்கு வெளியே நின்றுவிடுகிறது. ஒரு நாள் முழுதும் ஓசையின்றிக் காணாமற்போகிறது. எனவே வடிவமைப்பவர், அடுத்த நாள் பிறப்பதற்கு முந்தையன எல்லாம் என்று சூத்திரத்தில் எழுத வேண்டும். “அந்நாளும் சேரும்” என்று வினாவிலேயே சொல்லிவிடவும் வேண்டும். 05/06 என்று எழுதியது ஜூன் ஐந்தா, மே ஆறா என்ற பழைய அமெரிக்கச் சிக்கலும் உண்டு. தட்டச்சு செய்ய விடாமல் நாட்காட்டியைத் திறந்து காட்டித் தொடச் சொன்னால் அச்சிக்கல் எழாது.

இவையெல்லாம் அலுவலகத்துக்குள் அடங்கிய சங்கதிகள் என்று எண்ண வேண்டாம். தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கங்களில் ஒரு மனையேனும் வாங்கியவர்கள் அனைவரும் அளவுருக்களோடு மல்லுக்கட்டியவர்களே. வில்லங்கச் சான்று என்பது வேறென்ன? 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், சார்பதிவகங்களில் ஆள் பெயரால் ஓர் அட்டவணையும் சொத்தால் ஓர் அட்டவணையும் வைக்கச் சொல்கிறது. மனு எழுதிக்கொண்டு போய் நின்றால், “எந்த கிராமம், என்ன சர்வே நம்பர், எத்தனை வருஷத்துக்கு?” என்று எழுத்தர் நிமிராமலே கேட்பார். தமிழக அரசு 2018இல் பதிவுத்துறைப் பணிகளைப் புதிய இணைய முறைக்கு மாற்றியபோது எழுத்தரின் அக்கேள்விகளே திரையில் கட்டங்களாயின. மண்டலம், மாவட்டம், சார்பதிவகம், தொடக்க நாள், முடிவு நாள், கிராமம், புல எண், உட்பிரிவு எண்.

எழுத்தர் கேட்டதற்கும் கட்டம் கேட்பதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. புல எண் 124/2ஏ என்று நாம் சொன்னால், அனுபவமுள்ள எழுத்தர் “உட்பிரிவு ஆகுறதுக்கு முன்னாடி என்ன நம்பர்?” என்று இன்னொரு கேள்வி போடுவார். நிலம் பிரிக்கப்படுவதற்கு முன் எழுதிய பத்திரம் 124/2 என்ற தாய் எண்ணில் அல்லவா கிடக்கும்! கட்டத்தில் உட்பிரிவை மட்டும் இட்டுத் தேடிவிட்டு, வில்லங்கம் இல்லை என்று மகிழ்ந்து முன்பணம் கொடுப்பவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்பார் இல்லை. ஆதலால்தான் விவரமறிந்த வழக்கறிஞர்கள் இரண்டு எண்களுக்கும் தேடச் சொல்கிறார்கள். ஒன்று மட்டும் பாராட்டத்தக்கது. எந்தக் காலத்துக்கு, எந்தச் சொத்துக்குத் தேடப்பட்டது என்பதை வில்லங்கச் சான்று தன் நெற்றியிலேயே எழுதிக்கொண்டு வருகிறது. கேட்டதற்குத்தான் விடை, கேளாததற்கு நான் பொறுப்பல்லேன் என்று அது சொல்லாமல் சொல்கிறது. நம் கல்லூரிப் பட்டியலின் நெற்றியில் அவ்வாறு எதுவும் இல்லை.

ஊர்ப்பெயர்களும் நம் பக்கத்தில் எளியவை அல்ல. தாம்பரத்தில் வீடு மாறாமல் குடியிருப்பவர் 1997இல் காஞ்சிபுரம் மாவட்டத்தவர் ஆனார். 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டத்தவர் ஆனார். 2021இல் மாநகராட்சிக்காரரும் ஆகிவிட்டார். அதே ஆண்டில் பல்லாவரம், பம்மல் முதலிய நகராட்சிகளும் சிட்லபாக்கம், பெருங்களத்தூர் முதலிய பேரூராட்சிகளும் அம்மாநகராட்சிக்குள் கரைந்தன. மாணவர் முகவரிகளை மாவட்டவாரியாகக் கேட்கும் அறிக்கையில் இன்றைய பெயர்கள் மட்டும் வரிசையாக நிற்குமானால், பழைய பெயரில் பதிந்த மாணவர்கள் எந்த விடையிலும் அகப்படமாட்டார்கள். பட்டியலே தராமல் தட்டச்சு செய்யச் சொன்னாலோ இன்னும் மோசம். குரோம்பேட்டையை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிப் பாருங்கள். நான்கு பேர் நான்கு விதமாக எழுதுவார்கள். ஓர் எழுத்துப் பிசகினால் வெற்றுத்தாள் வரும். ஆகாயப் பூ பழையதா புதியதா என்று கேட்பவனுக்கு வாய்வாளாமையே விடை என்கிறது மணிமேகலை. குரோம்பேட்டை ஆகாயப் பூவா? கேள்வி பிழையானதால் வந்த மௌனத்திற்கும், உண்மையிலேயே ஒருவரும் இல்லாததால் வந்த மௌனத்திற்கும் வேறுபாடு தெரியும்படி, “இப்பெயரில் ஊர் எதுவும் பதிவில் இல்லை” என்று ஒரு வரி சொல்வது அறிக்கையின் கடமை. தரவுத்தளத்தில் உள்ள பெயர்களையே பட்டியலாக எடுத்துத் தருவதும், மாவட்டத்தைத் தேர்ந்தால் அதன் வட்டங்கள் மட்டும் அடுத்து விரிவதும் இப்போது இயலும் என்கிறார் நம் மாணவர்.

இவ்வளவும் கேட்ட கண்காணிப்பாளர் ஒரு மறுப்பு எழுப்பினார். “எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தா வேலை ஓடுமா சார்? அதோட, தேதியை மாத்தி வேண்டப்பட்ட பையனைக் காப்பாத்த மாட்டாங்களா?” என்றார். இரண்டும் நியாயமான கேள்விகள். முதலாவதற்கு விடை எளிது. பெரும்பாலும் வரக்கூடிய விடையை முன்கூட்டியே நிரப்பி வைத்துவிட்டால் ஒப்புக்கொண்டு மேலே செல்ல ஒரு தட்டல் போதும். ஆனால் நிரப்பிய விடையை நாம் நாளடைவில் பார்ப்பதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சென்ற பருவத்துத் தேதி நிரப்பப்பட்டிருந்தால் அதையும் ஒப்புக்கொள்வோம். ஆகவே தவறினால் ஒருவருக்குத் தீங்கு நேரும் வினாவை நிரப்பாமல் வெறுமையாக விட்டு, விடை வாங்கிய பின்பே நகர விட வேண்டும் என்பது நம் கருத்து.

இரண்டாவது மறுப்பு ஆழமானது. கேட்கத் தகுவன உண்டு, கேட்கத் தகாதன உண்டு. 75 விழுக்காடு என்பது விதி. “எத்தனை விழுக்காட்டிற்குக் கீழ்?” என்று அறிக்கை எழுத்தரிடம் கேட்குமானால், விதியை அவர் கையில் கொடுத்ததாகும். அது சூத்திரத்துக்குள்ளேயே இருக்கட்டும். பருவத்தின் தொடக்கமும் முடிவும் ஆண்டுதோறும் மாறுவன. அவற்றைக் கேட்க வேண்டும். மாணவி சேர்ந்த நாளோ யாரிடமும் கேட்க வேண்டியதன்று. அது சேர்க்கைப் பதிவேட்டிலேயே இருக்கிறது, எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். “தாமதமாகச் சேர்ந்தோருக்குச் சேர்ந்த நாளிலிருந்து கணக்கிடவா?” என்ற ஒன்று மட்டும் கொள்கை முடிவு. அதைக் கல்லூரி மன்றம் கூடி முடிவு செய்யலாம். சேர்ந்த நாள் கூடாது என்றும்கூட முடிவு செய்யலாம். ஆனால் ஒருவரும் கூடாமல், ஒருவரும் முடிவு செய்யாமல், தேதி எழுதியவரின் கைப்போக்கில் அது முடிந்துபோயிருந்தது. நமக்கு வருத்தம் அதில்தான். மற்றபடி, கேட்டவையும் சொன்னவையும், சொன்னவர் பெயரும் அறிக்கையின் தலைப்பில் அச்சாகட்டும். வேண்டப்பட்டவனைக் காப்பாற்றத் தேதியை மாற்றுபவர் தம் பெயரோடு மாற்றட்டும்.

இனி நம் தொழிலுக்கு வருவோம். வினா வாக்கியத்தை எழுதுவது யார் வேலை? நம் மாணவர் முதலில் எழுதிய வினா, “ஸ்டார்ட் டேட்டை உள்ளிடுக” என்பது. எதனுடைய தொடக்கம்? பருவத்தினதா, சேர்க்கையினதா, அறிக்கையினதா? நாமும் அவரும் அரை மணி நேரம் வாதிட்டு, “எந்த நாள் முதல் வருகையைக் கணக்கிட வேண்டும்? (அந்நாளும் சேரும்)” என்று மாற்றினோம். நன்னூலார் வினாவை ஆறாக வகுத்தார். அவற்றுள் அறியா வினாவும் ஐய வினாவும் உண்டு. கேட்பவன் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்பது கேட்கும் முறையில் வெளிப்பட வேண்டும் என்பது அவ்வகுப்பின் அடிப்படை. தமிழ் முதுகலை முடித்து வேலையின்றி நிற்கும் நம் பிள்ளைகளுக்கு இதில் இடமில்லையா? மின்னாளுகைப் படிவங்களில் நாள்தோறும் நாம் தடுக்கி விழும் வினாக்களை நல்ல தமிழில், ஐயத்திற்கு இடமின்றி எழுதித் தரத் தமிழ் படித்தவரைவிடத் தக்கவர் யார்? கவிதை எழுதுவதற்குச் சற்றும் குறையாத பணியாகவே நமக்கு இது படுகிறது.

முதல்வரிடம் கணக்கைக் காட்டினோம். மன்றம் கூடியது, சேர்ந்த நாளிலிருந்து கணக்கிடுவது என்று முடிவாயிற்று. புதிய அறிக்கையை ஓட்டியபோது நம் மாணவியோடு வேறு வகுப்புகளைச் சேர்ந்த இருவர் பெயரும் பட்டியலிலிருந்து நீங்கின. அவள் தேர்வெழுதினாள். நன்றி சொல்ல வந்தபோது நம்மால் அவள் முகத்தை நேரே பார்க்க இயலவில்லை.

ஏனெனில் அந்தப் பட்டியல் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருப்பது. கடைசிப் பட்டியலில் சேர்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. பெரும்பாலும் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள். இடம் கிடைத்ததே பெரிது என்று எதையும் கேளாதவர்கள். அவர்களுள் எத்தனை பேர் காய்ச்சல் வராத நாளுக்குச் சான்றிதழ் வாங்கி வந்தார்கள்? எத்தனை பேர் தேர்வெழுதாமல் நின்றார்கள்? அந்தத் தாள்கள் ஒவ்வொன்றிலும் வலது மூலையில் பொறுப்பாசிரியர் என்ற சொல்லுக்கு மேல் நம் கையொப்பம் இருக்கிறது. அறிக்கை கேட்கவில்லை என்று மென்பொருள் எழுதியவரைக் குறை சொன்னோம். எந்த நாள் முதல் என்று இத்தனை ஆண்டுகளில் நாமும் ஒருமுறை கேட்டதில்லை.

பழைய பட்டியல்களை எடுத்துத் தரும்படி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். எந்த ஆண்டு முதல் வேண்டும் என்று கண்காணிப்பாளர் கேட்டார். நாம் வகுப்புப் பொறுப்பேற்ற முதல் ஆண்டிலிருந்து என்றோம். அந்த ஆண்டும் சேரும்.